வேலிக்குள் மட்டும் செல்லும் காசு

சாந்தா உபால்தினா வெடியுப்புச் சுரங்கம்
1913 மார்ச் 8

மாமாவுக்கு,

உங்கள் மகன் பெலிசாரியோவின் மனைவி எதெல்மிரா எழுதுகிறேன். கல்யாணமாகி இந்த ஆறு வருடத்தில் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. முதல் கடிதமே இப்படி ஒரு கடிதமாகப் போய்விட்டது.

அவர் இறந்துவிட்டார், மாமா. வியாழக்கிழமை காலை பாறைக்கு வைத்த வெடி ஒன்று நேரத்துக்கு வெடிக்கவில்லை. வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போயிருக்கிறார். புகை வருவதைக் கண்டு திரும்பி ஓடியபோது கல் வந்து முதுகில் அடித்திருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்தபோது பேச்சு இருந்தது. தண்ணீர் கேட்டார். குழந்தையை வெளியே கூட்டிப் போகச் சொன்னார். அவ்வளவுதான்.

இந்த வெயிலில் வைத்திருக்க முடியாதென்று மறுநாளே அடக்கம் செய்துவிட்டோம். உங்களுக்குத் தந்தி கொடுக்க முடியவில்லை. உப்பு மூட்டை ரயிலில் பிரேக் பிடிக்கிற வேலையில் இருக்கும் லெய்வா சனிக்கிழமைதோறும் இக்கிக்கே துறைமுகத்துக்கு இறங்குகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் சொல்ல மனமிருந்தால் அவரிடமே கொடுங்கள்.

உங்கள் பேத்தி செலிந்தாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. நன்றாக இருக்கிறாள்.

எதெல்மிரா


இக்கிக்கே
மார்ச் 15

எதெல்மிராவுக்கு,

நான் நிக்கனோர். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு நாவிதன் எரெமியாஸ் எழுதுறான். நான் சொன்னதை மட்டும் எழுதுடான்னு சொல்லியிருக்கேன்.

தந்தி குடுக்க முடியலையாம். ஸ்டேஷன் உங்க சுரங்கத்து வாசல்லயே இருக்குன்னு லெய்வா சொல்றான். நாலு வார்த்தை அடிச்சிருந்தா ராத்திரி வண்டியப் புடிச்சு வந்திருப்பேன். வண்டி இல்லன்னா நடந்து வந்திருப்பேன். என் புள்ளை மூஞ்சியக்கூட எனக்குக் காட்டாம மண்ணப் போட்டு மூடிட்டு, சாவகாசமா கடுதாசி எழுதுற.

அவன் அங்க போறப்பவே சொன்னேன். இங்க சரக்குப் படகுல மூட்டை அடுக்குனா சனிக்கிழமையானா கையில அரசாங்கக் காசு விழும். எந்தக் கடையிலயும் நீட்டலாம், எந்த ஊருக்கும் எடுத்துட்டுப் போகலாம். அங்க என்னடா குடுப்பான், கூலிக்குப் பொத்தான் மாதிரி கம்பெனி வில்லை குடுப்பான், அதை அவன் கடையிலயே திருப்பிப் புடுங்கிக்குவான்னு சொன்னேன். கேட்டானா? அந்த பாம்பாப் பாலைவனத்துல பொறந்தவ ஒருத்தி வேணும்னு ஏறிப் போனான்.

இப்ப ரெண்டு விஷயம். என் பொண்டாட்டி இந்த ஊர் கல்லறையில கிடக்கா. அவன் அவ பக்கத்துல வரணும். அதுக்கு ஏற்பாடு பண்ணு. அப்புறம், புள்ளைய இங்க அனுப்பிடு. உன்னைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. நீ உன் இஷ்டம்.

நிக்கனோர்


சாந்தா உபால்தினா
ஏப்ரல் 12

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. கோபத்தில் எழுதி இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இப்போது கோபமும் இல்லை.

தந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் உயிர் போன அரைமணியில் கைநிறைய வில்லைகளை அள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தந்தி அடிக்கிறவர் நல்ல மனிதர்தான். நான் கொட்டினதை ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளினார். "அம்மா, இது வேலிக்குள்ள வரைக்கும்தான் காசு. இங்க பேசோ வேணும், அரசாங்கக் காசு" என்றார். வீடு வீடாகப் போனேன். எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் ஒரு பேசோ கிடையாது, மாமா. எல்லோரிடமும் வில்லைதான். மானேஜர் அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் காசாளர் மாற்றித் தரமாட்டாராம். மறுநாள் காலையில் உடம்பு தாங்கவில்லை. அதற்குமேல் நான் என்ன செய்வது?

கம்பெனி எனக்கு நஷ்டஈடு என்று ஒரு பை கொடுத்தது. பெரிய பைதான். அதிலும் வில்லைதான் இருந்தது. அவரை அங்கே கொண்டுவர ரயில்காரர்களுக்குக் கட்ட வேண்டியதை அந்தப் பையால் கட்ட முடியாது. கட்ட முடிந்தாலும் சம்மதிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நானும் குழந்தையும் கல்லறை மேட்டுக்குப் போகிறோம். தகரத்தில் பூ வெட்டி வைத்திருக்கிறேன். காற்றுக்கு அது லேசாகச் சத்தம் போடும். எனக்கு இருப்பது அது ஒன்று.

ஆண் இல்லாத வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பம் இல்லாத தனி ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறேன், வீட்டை விடுங்கள் என்று கேட்டேன். சரி என்றார்கள். இப்போது பதினோரு பேர் என்னிடம் சாப்பிடுகிறார்கள். மூத்தவர் சோக்கே என்று ஒரு பொலிவியாக்காரர். அவரோடு சேர்ந்துதான் பெலிசாரியோ பாறை உடைத்தார். விடிகாலையில் ரொட்டி, மத்தியானம் பீன்ஸ், பொழுது சாய்ந்தால் உப்புக்கண்டம் போட்ட சூப். அவர்கள் வில்லை கொடுக்கிறார்கள். அதைக் கொண்டுபோய்க் கம்பெனிக் கடையில் போட்டு மாவு வாங்குகிறேன். தராசில் கடைக்காரர் கட்டைவிரலும் சேர்ந்து நிற்கிறது.

செலிந்தாவை அனுப்ப மாட்டேன்.

எதெல்மிரா


இக்கிக்கே
மே 3

எதெல்மிராவுக்கு,

ஸ்டேஷன்காரன் பேச்சை எரெமியாஸ் எனக்கு ரெண்டு தரம் படிச்சுக் காட்டினான். சரி. அதை விடு.

நான் ரயில் ஆபீசுக்குப் போய் விசாரிச்சேன். சவத்தைக் கொண்டாற தனிக் கட்டணம், சுகாதார ஆபீஸ் சீட்டு, முனிசிபாலிட்டி சீட்டு. கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் அடுக்கிக்கிட்டே போனான். நான் சேத்துக்கிட்டிருக்கேன். வருஷ முடிவுக்குள்ள தேத்திடுவேன். நீ சம்மதிச்சாலும் சம்மதிக்காட்டியும் அவன் எனக்கும் மகன்தான்.

புள்ளைய அனுப்ப மாட்டேங்கிற. பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டா பை நெறையும், அங்கயே இருந்துடலாம்னு நினைக்கிற போலிருக்கு. நெறையட்டும். இங்க துறைமுகத்துச் சாராயக்கடையில ஒருத்தன் அந்த வில்லைகளப் பாதி விலைக்கு வாங்குறான். உங்க சுரங்கத்து வில்லைன்னா அவனும் யோசிக்கிறானாம்.

இதோட மூணு பேசோ வச்சிருக்கேன். நெசக் காசு. புள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடு. காஞ்ச அத்திப்பழமும் இருக்கு. லெய்வா வழியில தின்னாம இருந்தா வந்து சேரும்.

நிக்கனோர்


சாந்தா உபால்தினா
ஜூலை 5

மாமாவுக்கு,

அத்திப்பழம் வந்தது. குழந்தை ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்து வைத்துத் தின்றாள்.

இனிமேல் தயவுசெய்து பேசோ அனுப்பாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். செலிந்தாவுக்குச் செருப்பு இல்லை. கம்பெனிக் கடையில் குழந்தைச் செருப்பு வந்து மாசக்கணக்காகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கழுதையில் சாமான் விற்கிறவர் ஒருவர் சில நாள் வருவார். உங்கள் மூன்று பேசோவைக் கொண்டுபோய் ஒரு ஜோடி வாங்கினேன். நல்ல தோல். திரும்பி வரும்போது காவல்காரர்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வெளியாளிடம் வாங்குவது கம்பெனி விதிப்படி குற்றம். செருப்பைப் பிடுங்கினார்கள். கழுதைக்காரரை அடித்த அடி இங்கே வரைக்கும் கேட்டது. "உனக்குப் பேசோ ஏது? எவன் குடுத்தான்?" என்று என்னைக் கேட்டான் ஒருவன். என் மாமனார் கொடுத்தார் என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

இங்கே நல்ல காசு வைத்திருப்பவள்தான் திருடி. தண்டனையாகப் பதினைந்து நாள் சமையலை நிறுத்தி வைத்தார்கள். பதினோரு பேரும் வேறு இடம் தேடிப் போனார்கள். திரும்ப அனுமதித்த அன்றைக்கு அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சோக்கே மட்டும், உன் ரொட்டி இல்லாமல் வயிறு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பை நிறைந்தால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். பை நிறைந்துதான் இருக்கிறது, மாமா. எனக்கு அதைத் தூக்கி வைக்கவே அலுப்பாக இருக்கிறது.

எதெல்மிரா


இக்கிக்கே
ஆகஸ்ட் 16

எதெல்மிராவுக்கு,

அந்தக் காவல்காரன் பேரு என்னன்னு எழுது. இல்ல, எழுதாத. எழுதினா நான் ஏறி வந்துடுவேன், வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

போன மாசம் அலை அதிகம். கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல என் முட்டி மாட்டிக்கிச்சு. எலும்பு முறியலை. ஆனா மூட்டை தூக்க விடமாட்டேங்கிறானுங்க. இப்ப கிடங்கு வாசல்ல உக்காந்து, ரயில்ல வர்ற மூட்டைங்கள இறக்குற எடத்தப் பாத்துக்கறேன். பாதிச் சம்பளம்.

உக்காந்த எடத்துல யோசனை வருது. நீ அவனை ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்குறன்னு எழுதியிருந்த. அவன் அம்மா கல்லறைக்கு நான் போய் எத்தனை வருஷம் ஆச்சுன்னு எரெமியாஸ் கேட்டான். அவனுக்கு வாய் அதிகம். சேத்து வச்ச காசு அப்படியே இருக்கு, ஆனா அவன் அங்கயே இருக்கட்டும். பாக்குறதுக்கு ஆள் இருக்கிற எடத்துல இருக்கட்டும். இனிமே அதைக் கேக்க மாட்டேன்.

புள்ளை கால் அளவை ஒரு நூல்ல எடுத்து அனுப்பு.

நிக்கனோர்


சாந்தா உபால்தினா
அக்டோபர் 11

மாமாவுக்கு,

நூலோடு இந்தக் கடிதமும் வருகிறது. அவசரமாக எழுதுகிறேன்.

சுரங்கத்தை மூடுகிறார்கள். பாறையில் இனி உப்பு இல்லையாம். மாதக் கடைசியில் கொதிகலன்களை அணைத்துவிடுவார்கள். செய்தி தெரிந்த அன்றைக்கே கடையில் கூட்டம் அடிதடியானது. எல்லோரிடமும் வில்லை இருக்கிறது, வாங்கச் சாமான் இல்லை. இப்போது அலமாரியில் மிச்சம் இருப்பது வினிகரும் விளக்குத் திரியும்தான். தெற்கே கம்பெனிக்கு இன்னொரு சுரங்கம் இருக்கிறது. அங்கே வேலைக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறவர்களிடம் மட்டும் பாதி விலைக்கு வில்லையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். துறைமுகத்துக்கு இறங்குகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. என் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சமைக்க என்னையும் கூப்பிடுகிறார்கள்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. நான் பிறந்த சுரங்கம் இங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அதை மூடி எட்டு வருடம் ஆகிறது. என் அப்பா அங்கேதான் கிடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சிலுவைகளை விறகுக்குப் பிடுங்கிவிட்டார்கள். எந்தக் குழி யாருடையது என்று தெரியவில்லை. சிலதை யாரோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அப்பா எது என்று தேடிவிட்டு வந்துவிட்டேன்.

பெலிசாரியோவை இப்படி விட்டுப் போக மாட்டேன். அங்கேயே இருக்கட்டும் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். இப்போது நான் கேட்கிறேன், அவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்க நேரமில்லை. கம்பெனியும் அனுமதி தராது. கேட்டுப் பார்த்தேன், மூடுகிற நேரத்தில் இது வேறா என்றார்கள். சோக்கே ஒரு வழி சொல்கிறார். கடைசி மூட்டை ரயில் இருபத்தைந்தாம் தேதி இறங்குகிறது. சவப்பெட்டியைச் சாக்கில் வைத்துத் தைத்து மூட்டைகளுக்கு அடியில் ஏற்றிவிடலாம் என்கிறார். அந்த வேகன் வரும்போது நீங்கள் கிடங்கு வாசலில் இருக்க முடியுமா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

எதெல்மிரா


இக்கிக்கே
அக்டோபர் 18

அம்மாடி,

இருப்பேன். எத்தனையாவது வேகன்னு லெய்வாகிட்ட சொல்லிவிடு.

நிக்கனோர்


சாந்தா உபால்தினா
அக்டோபர் 25

மாமாவுக்கு,

ஏற்றிவிட்டோம். பின்னாலிருந்து மூன்றாவது வேகன். கதவுப் பக்கம் ஒரு சாக்கில் நீல நூலால் தைத்திருக்கிறேன். அதற்கு நேர் கீழே.

விடிகிற நேரத்தில் தோண்டினோம். சோக்கேயும் இன்னும் நாலு பேரும். உப்பு மண் கல்லாக இறுகியிருந்தது. பெட்டி கொஞ்சமும் கெடவில்லை. நான் திறந்து பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் போதவில்லை.

லெய்வாவிடம் மறைக்காமல் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு, பிடிபட்டால் என் வேலை போய்விடும், எனக்கு ஐந்து குழந்தைகள் என்றார். வில்லையை அவரிடம் காட்டவே வெட்கமாக இருந்தது. என் தையல் மெஷினைக் கொடுத்தேன். கம்பெனிக் கடையில் வாங்காத சாமான் என்னிடம் அது ஒன்றுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சேர்ந்தது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். கையெழுத்துப் போட வியாழக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

எதெல்மிரா


இக்கிக்கே
அக்டோபர் 27

அம்மாடி எதெல்மிரா,

வந்து சேந்துட்டான். நாளைக்குக் காலி வண்டி மேல ஏறுது, அதுல லெய்வா வர்றான். அதனால இப்பவே எரெமியாஸ எழுப்பி உக்கார வச்சிருக்கேன்.

பொழுது சாயுற நேரத்துக்கு வண்டி வந்தது. கணக்குப் பாக்குறவனை எரெமியாஸ் முடி வெட்டக் கூட்டிட்டுப் போயிட்டான், காசு வேணாம்னு சொல்லி. என்கூட படகுக்காரப் பசங்க ரெண்டு பேர். நீல நூலைப் பாத்ததும் மேல இருந்த மூட்டைங்கள எறக்கினோம். பெட்டியத் தூக்க நாலு பேரு வேணும்னு நினைச்சேன். நானும் ஒரு பையனும் போதும்னு ஆயிடுச்சு. நாப்பது வருஷமா உப்பு மூட்டை தூக்குன தோள் இது, அம்மாடி. ஒரு மூட்டை கனம்கூட அவன் இல்லை. அந்த மண்ணு அவன்கிட்ட இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடுச்சு.

வீட்டுக்குக் கொண்டுபோயி மேசை மேல வச்சேன். திறக்க வேணாம்னு எரெமியாஸ் சொன்னான். நீ பாக்காட்டி வெளிய போன்னு சொன்னேன். அவன் போகலை.

திறந்தேன். மூஞ்சி அப்படியே இருந்தது. கறுத்து, ஒட்டிப்போய், ஆனா அவன்தான். நெத்தியில சின்ன வயசுல படகுக் கொக்கி குத்துன வடு தெரிஞ்சது. ஆறு வருஷம் கழிச்சு அவனைப் பாக்குறேன். மீசை வச்சிருந்தான். அது எனக்குத் தெரியாது. இங்கேர்ந்து போறப்ப மீசை இல்லை. கொஞ்ச நேரம் வேற யாரோன்னு நினைச்சுட்டேன். எப்ப வச்சான்? யாரும் எனக்குச் சொல்லலை.

இந்த எடத்துல எரெமியாஸ் பேனாவக் கீழ வச்சிட்டான். இப்ப மறுபடி எடுத்திருக்கான்.

நேத்து சாயந்திரம் அவன் அம்மாகிட்டயே வச்சிட்டோம். சவத்துக்குக் கட்டச் சேத்த காசுல கல்லறைக் காவல்காரனுக்குக் கொஞ்சம் போச்சு, பாதிரியாருக்குக் கொஞ்சம். ஒருத்தரும் சீட்டு கேக்கலை. படகுக்காரங்க அத்தனை பேரும் வந்தாங்க.

மிச்சத்த லெய்வாகிட்ட குடுத்திருக்கேன். ரெண்டு பேருக்கு டிக்கெட். முன்னாடி புள்ளைய மட்டும் அனுப்புன்னு சொன்னேன். இப்ப அப்படிச் சொல்லலை. அந்தக் கையெழுத்தைப் போடாத. வில்லைக்குக் குடுக்கிற பாதி விலை போனா போகட்டும். இங்க இருக்கிறது ஒரே அறை. நான் வெளிய படுத்துக்குவேன், எனக்குக் கடல் காத்து பழக்கம்தான்.

செருப்பு வாங்கி வச்சிருக்கேன். இங்க வந்து போட்டுக்கட்டும்.

நிக்கனோர்


சாந்தா உபால்தினா
அக்டோபர் 30

மாமாவுக்கு,

லெய்வா உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமாகப் படி என்றார் சோக்கே. பெட்டியைத் திறந்த இடம் வரைக்கும் படித்தேன். அதற்குமேல் முடியவில்லை. மீதியை அவரே வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

இன்று காலை கையெழுத்துப் போடும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் போடவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாவியோடு வில்லைப் பையையும் கடை மேசையில் வைத்தேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் பையைக் கவிழ்த்து எண்ண ஆரம்பித்தார். ஒரு வரிசை அடுக்கிவிட்டு நிறுத்தினார். "எதுக்கும்மா இதக் குடுக்குற?" என்று கேட்டார். சுமக்க முடியவில்லை என்றேன்.

என் ஆட்கள் இன்று மத்தியானம் தெற்கே போகிறார்கள். பானைகளை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். யார் சமைப்பது என்று இப்போதே சண்டை.

சனிக்கிழமை வண்டியில் வருகிறோம். சும்மா உட்கார்ந்து சாப்பிட வரவில்லை, மாமா. படகுக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். நீங்கள் வெளியே படுக்க வேண்டாம். முட்டிக்கு ஆகாது. நடுவில் ஒரு துணி கட்டிக்கொள்ளலாம்.

அவருடைய மீசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை வந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. சிரிப்புகூட வரும்.

எதெல்மிரா